மதகில் நின்று சொன்ன சேதி

"சொல்லாம வுட்டுரு. அவ்வளவுதான். யாரு வந்து கேக்கப்போறா?"

முருகையன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். தலை நிமிரவில்லை. குழம்புச் சட்டியோடு எதிரில் நின்ற மனைவி அம்சவள்ளிக்குக் கரண்டி பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"ரெண்டு தெருவுக்கும் சொல்லணும்னுதாங்க டீச்சரு சீட்டு குடுத்துருக்காங்க."

"டீச்சரு அஞ்சு மணி பஸ்ஸப் புடிச்சு ஜெயங்கொண்டம் போயிரும். இந்த ஊருல கெடக்கப்போறது நீயும் நானும். ஊருப் பெரியவரு பாவாடை மாமா சொல்லவேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. அவரு வாயாலதான் ஒனக்கு அந்த வேலையே வந்துச்சு. மறந்துறாத."

அவள் மடியில் செருகியிருந்த சீட்டில் நாலே வரி. கொரோனாக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியாகிவிட்டது. திங்கட்கிழமை முதல் பிள்ளைகளுக்கு முகக்கவசம் கட்டாயமில்லை. தரையில் போட்ட வட்டத்துக்கு ஒரு பிள்ளையாகத் தள்ளித் தள்ளி உட்கார வேண்டியதில்லை. வீட்டிலிருந்து தட்டும் தண்ணீரும் கொண்டுவர வேண்டாம், பள்ளிக்கூடத்துத் தட்டிலேயே சாப்பாடு. அந்தத் தட்டுகளைக் கழுவி அடுக்குகிற சத்துணவு ஆயா அம்சவள்ளிதான்.

"பள்ளிக்கூடம் மறுபடி தொறந்ததுலேருந்து அவங்கவங்க தட்டுல அவங்கவங்க தின்னாங்க. யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல. இப்ப எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கழுவி அடுக்குனா, எது எவன் தின்ன தட்டுன்னு நம்ம பொண்ணு நர்மதா என்னத்தக் கண்டா? காலனிக்குச் சேதி போகலன்னு வெய்யி, அதுங்க பாட்டுக்குத் தட்டு கொண்டாந்துரும். நம்ம வாயால ஒண்ணும் சொல்லவேணாம். பொல்லாப்பும் இல்ல."

சொல்லி முடித்தவன் இருமினான். சாதாரண இருமல்தான், காரம் தொண்டையில் ஏறியிருக்கும். ஆனால் இந்த வீட்டில் யார் இருமினாலும் அம்சவள்ளி வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். அதற்குக் காரணம் உண்டு.

அந்த ஊர் உடையார்பாளையத்திலிருந்து முந்திரிக் கொல்லைகளுக்குள்ளே நாலு மைல். ஊர்த் தெருவுக்கும் காலனிக்கும் நடுவே ஒரு வாய்க்கால், அதன்மேல் ஒரு மதகு. ஊர்த் தெருக்காரர்களுக்குக் காலனியில் ஏதாவது சேதி சொல்லவேண்டுமென்றால் மதகில் நின்று கூப்பிடுவார்கள். அங்கிருந்து யாராவது எழுந்து ஓடிவந்து கேட்டுக்கொண்டு போவார்கள். கொல்லைக்கு ஆள் வேண்டும் என்பதும் அப்படித்தான், கோயில் திருவிழா என்பதும் அப்படித்தான். மதகைத் தாண்டிக் கால் வைத்தவர்கள் ஊர்த் தெருவில் யாருமில்லை. தாண்டக்கூடாது என்று யாரும் எழுதிவைக்கவும் இல்லை.

பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த நாளில் ஜோதி டீச்சர் பெற்றோர்களையெல்லாம் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினார். சத்துணவுக்குப் பதிலாக அரிசி பருப்பு கொடுத்தபோது, "எப்பவும் எங்களுக்கு மட்டும் ஏன் கடைசி நாளு?" என்று காலனியிலிருந்து ஒருவன் அதில் பேசி அனுப்பினான். அன்று பொழுது சாய்வதற்குள் ஊர்த் தெருப் பெற்றோர்கள் ஒவ்வொருவராக வெளியேறிவிட்டார்கள். டீச்சர் பயந்துபோய் வேறு குரூப் தொடங்கினார். அதில் காலனி எண்கள் இல்லை. அன்றிலிருந்து காலனிக்கு அம்சவள்ளிதான் போன்.

குரூப்பில் அப்படிக் கேட்டவன் பெயர் வீரமணி.

போன வருஷம் வைகாசி, இரண்டாவது அலை. "நாளைக்குக் காலையில ஸ்கூலுக்குக் காய்ச்சல் பாக்குற வேன் வருது. ரெண்டு தெருவுக்கும் சொல்லிடும்மா" என்று டீச்சர் போனில் சொன்னார். அம்சவள்ளி புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு மதகில் போய் நின்றாள். "யாராச்சும் வாங்களேன்!" என்று மூன்று முறை கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. முதல் வீட்டுக்குள்ளிருந்து இருமல் மட்டும் வந்தது, அடித்தொண்டையிலிருந்து, விடாமல். பயம் வந்துவிட்டது அவளுக்கு. திரும்பி வந்துவிட்டாள். சொன்னாயா என்று டீச்சர் கேட்டதற்கு, சொல்லிவிட்டேன் என்றாள்.

மறுநாள் வேன் வந்தது. ஊர்த் தெரு மொத்தமும் வரிசையில் நின்றது. முருகையன் விரலில் ஒரு கருவியை மாட்டிப் பார்த்த நர்ஸ், அந்த வேனிலேயே அவனை ஏற்றி அரியலூருக்குக் கொண்டுபோனாள். பத்து நாளில் திரும்பி வந்துவிட்டான். காலனியின் முதல் வீட்டு வீரமணி நாலாம் நாள் செத்துப்போனான்.

அதற்குப் பிறகு, சோற்று உலை கொதித்து மூடி தடதடக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த இருமல் கேட்கும். மூடியைத் தள்ளிவைத்தால் நின்றுவிடும். புருஷன் சாப்பிட உட்கார்ந்தால், அவன் பக்கத்தில் இன்னொருவனுக்கும் பரிமாறவேண்டும் போலக் கை தவிக்கும். இதையெல்லாம் யாரிடம் சொல்வாள்?

சீட்டு வந்த வாரத்துச் சனிக்கிழமை அவள் மதகுவரை போனாள். நின்றாள். வாயே திறக்கவில்லை. திரும்பி வந்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம், புருஷன் சொன்னபடியே நடந்தது. ஊர்த் தெருப் பிள்ளைகள் பத்தொன்பது பேரும் வேப்பமரத்தடியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து பள்ளிக்கூடத்துத் தட்டில் சாப்பிட்டார்கள். காலனிப் பிள்ளைகள் பதினொரு பேரும் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, வராந்தாவில் வெள்ளைப் பெயிண்டு வட்டத்துக்கு ஒருவராக, வீட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

ஜோதி டீச்சர் அவளைத் தனியே கூப்பிட்டார். "சொல்லலையாம்மா?"

"சொன்னேன் டீச்சர்."

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும், 'அனைத்துப் பெற்றோருக்கும் தெரிவிக்கப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதி அவள் பக்கம் தள்ளினார். அம்சவள்ளி கையெழுத்துப் போட்டாள். நல்ல மனுஷிதான் டீச்சர். நல்லவர்களுக்கும் அஞ்சு மணி பஸ் இருக்கிறதே!

ஒரு வாரம் போனது. அடுத்த செவ்வாய்க்கிழமை வராந்தாவில் முட்டை வைத்துக்கொண்டு வந்தாள் அம்சவள்ளி. ரெண்டாம் வகுப்பு இலக்கியா தட்டைத் தரையில் வைத்துவிட்டு, வட்டத்தைவிட்டு இறங்கிச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

"அங்க ஏன் போற? வந்து வாங்கிக்க பாப்பா."

"நீங்க வெச்சிட்டுப் போங்க ஆயா. நான் பெறகு எடுத்துக்கறேன்."

"ஏன்?"

"ஒங்களுக்கு ஒட்டிக்கும்."

"என்னாடி ஒட்டிக்கும்?"

இலக்கியா முகக்கவசத்தை மூக்குவரை ஏற்றிக்கொண்டாள். பெரியவர்களுக்குப் பாடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். "எங்கப்பாவுக்கு இருந்துச்சுல்ல, அது. மத்த தெருவுக்கெல்லாம் போயிருச்சு. எங்களுக்கு இன்னும் போகல. அதான எங்கள மட்டும் வட்டத்துல வெச்சிருக்கீங்க? நான் தம்பியக்கூடத் தூக்கறதில்ல ஆயா. அவன் அழுவுறான். இருந்தாலும் தூக்க மாட்டேன்."

அம்சவள்ளி முட்டையைத் தட்டில் வைத்தாளா கீழே போட்டாளா என்று அவளுக்கே நினைவில்லை. வீரமணியின் மகள் அது.

அன்று சாயங்காலம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நேரே மதகுக்குப் போனாள். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. வழக்கமாக நிற்கும் இடத்தில் கால் தானாக நின்றது. அந்தக் காலை எடுத்து முன்னே வைப்பதற்குத்தான் நேரம் பிடித்தது. வைத்த பிறகு எட்டுகளை எண்ணிக்கொண்டே நடந்தாள். நாற்பதுதான். முதல் வீடு வந்துவிட்டது. இவ்வளவுதானா? இவ்வளவு கிட்டத்திலா இருந்தது அந்த இருமல்?

வாசலில் வீரமணியின் மனைவி ஜெயசுதா முந்திரிக்கொட்டையை வெயிலிலிருந்து அள்ளிக்கொண்டிருந்தாள். இடுப்பில் பிள்ளை. பார்த்ததும் எழுந்தாள். பழக்கம், எழுந்துவிட்டாள். பிறகு தன்மேலேயே கோபம் வந்தவள்போல மறுபடி உட்கார்ந்தாள்.

"என்னா ஆயாம்மா, மதகு இடிஞ்சு போச்சா? இம்மாந்தூரம் நடந்து வந்துட்டீங்க!"

"சேதி சொல்ல வந்தேன்."

"சொல்லுங்க. சத்தம் போட்டுச் சொல்லுங்க, அப்பத்தான் எங்களுக்குக் கேட்டுப் பழக்கம்."

அம்சவள்ளி சீட்டிலிருந்த நாலு வரியையும் சொன்னாள். எப்போதிலிருந்து என்பதையும் சொன்னாள். ஏன் சொல்லவில்லை என்பதையும், இலக்கியா வராந்தாவில் சொன்னதையும் மறைக்கவில்லை. ஜெயசுதாவின் கை கொட்டைகளுக்குள் நின்றுபோயிற்று.

"எட்டு நாளா எம்புள்ள வாசப்படில தனியா படுக்குது. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது. ஆத்தாளுக்கே தெரியாம, அதுக்கு என்னா சீக்குன்னு நீங்க முடிவு பண்ணிப்புட்டீங்க."

"இன்னொண்ணும் இருக்கு," என்றாள் அம்சவள்ளி. "போன வைகாசில, வேன் வந்ததுக்கு மொத நாளு…"

"தெரியும்."

அம்சவள்ளி நிமிர்ந்தாள்.

"மூணு தரம் கூப்பிட்டீங்க. அவரு தல எம்மடியில இருந்துச்சு. எறக்கி வெச்சா மூச்சு நின்னுருமோன்னு பயம். நாலாவது கூப்பிட்டா எறக்கி வெச்சிட்டு ஓடியாரலாம்னு காத வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். கூப்பிடல." ஜெயசுதா அழவில்லை. "அரிசி போடுற சேதியா இருக்கும், போவுதுன்னு நெனச்சேன். வேன் வந்த கத அவரு செத்த பெறகுதான் தெரிஞ்சுது. அங்க நின்னே, 'நாளைக்கு வேன் வருது'ன்னு ஒரு வார்த்த கத்தியிருந்தீங்கன்னாக்கூட எனக்குக் கேட்டிருக்கும் ஆயாம்மா. நாங்க எந்திரிச்சு வந்து நின்னாத்தான் சேதிய வாயிலேருந்து எறக்குவீங்க, இல்ல?"

அம்சவள்ளி கை கூப்பப் போனாள்.

"வேணாம். அதெல்லாம் என்னால முடியாது. நான் ஒங்கள மன்னிக்கப்போறதும் இல்ல, சண்டைக்கு வரப்போறதும் இல்ல. அந்தா நிக்கிறா பாருங்க, அவகிட்டப் போயி சொல்லுங்க. அவளுக்கு ஒண்ணுமில்லன்னு ஒங்க வாயால சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. பள்ளிக்கூடத்துலேருந்து வந்து சொல்லணும்."

கதவோரத்தில் இலக்கியா நின்றிருந்தாள். அம்சவள்ளி அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "ஒனக்கு ஒண்ணும் இல்ல தாயி. எப்பவுமே இருந்ததில்ல. ஒங்களச் சேந்து ஒக்காரச் சொல்லிப் போன வாரமே எழுதி வந்துருச்சு. நான்தான் வந்து சொல்லல. தப்பு எம்மேல."

"நெசமா?"

"நெசமா."

"தம்பியத் தூக்கலாமா?"

"தூக்கு."

பிள்ளை உடனே தூக்கவில்லை. முதலில் ஒரு விரலால் தம்பியின் காலைத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்சம் காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் அம்மாவின் இடுப்பிலிருந்து அவனை வாங்கிக்கொண்டாள். தூக்க முடியாமல் தூக்கி, சுவரில் சாய்ந்து நின்றாள்.

மறுநாள் பதினொரு பிள்ளைகளும் வெறுங்கையோடு வந்தார்கள். அம்சவள்ளி முப்பது தட்டை எடுத்துத் துடைத்து வைத்தாள். மத்தியானத்துக்குள் சேதி எட்டி, ஊர்ப் பெரியவர் பாவாடை, தோள்துண்டோடு சமையற்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"யாரு அங்க போயி சொன்னது?"

ஜோதி டீச்சர் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்சவள்ளி கரண்டியை வைக்காமலே சொன்னாள். "நான்தான் மாமா. நடந்து போயி, வாசல்ல ஒக்காந்து சொல்லிட்டு வந்தேன்."

"ஓம் புருசனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கும். அவருக்குச் சேதியெல்லாம் சீக்கிரம் வந்துரும்."

வேலை போய்விடும் என்றார். போகட்டும் என்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஊர்த் தெரு சும்மா இருக்கவில்லை. காலனிப் பிள்ளைகளோடு தட்டும் கலக்கக்கூடாது, இடமும் கலக்கக்கூடாது என்று அன்று சாயங்காலம் நாலைந்து அப்பன்மார்கள் பெயிண்டு டப்பாவோடு வந்தார்கள். வராந்தாவில் மங்கிப்போயிருந்த வட்டங்களின்மேல் புதிதாகப் பூசினார்கள். அழிந்ததுபோக மிச்சமிருந்தவை பத்தொன்பதுக்குப் போதாமல் வேப்பமரத்தடி வரைக்கும் சிமெண்டுத் தரையில் இழுத்துக்கொண்டே போனார்கள். அதில் முருகையனும் குனிந்து ஒரு வட்டம் போட்டான்.

வியாழக்கிழமை மத்தியானம் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்த்திருக்கவேண்டும். உலகத்தைவிட்டே கொரோனா போய்க்கொண்டிருந்த காலத்தில், ஊர்த் தெருப் பிள்ளைகள் பத்தொன்பது பேரும் முகக்கவசம் கட்டி, வீட்டுத் தட்டும் தண்ணீர்ப் பாட்டிலுமாக, வட்டத்துக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். வட்டத்தைவிட்டு இறங்கினால் வீட்டில் அடி விழும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எதிர்ப்புறம் காலனிப் பிள்ளைகள் பதினொரு பேர் ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் முட்டையைப் பறித்துக்கொண்டு சிரித்தார்கள். இலக்கியா நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

அம்சவள்ளி வட்டம் வட்டமாகப் பரிமாறிக்கொண்டு வந்தாள். ஏழாவது வட்டத்தில் நர்மதா. காலையில் தட்டைக் கழுவிக் கொடுத்து அனுப்பியது அப்பா. அம்மாவோடு அவர் நேற்றிலிருந்து பேசவில்லை என்பது அவளுக்குத் தெரியும். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கண்கள் எதிர்ப்புறத்துச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அம்மா," என்றாள் மெதுவாக. "நாங்க எப்பம்மா அவங்கள மாதிரி சேந்து ஒக்காரலாம்?"

அம்சவள்ளி குனிந்து மகளின் தட்டில் சோற்றைப் போட்டாள்.

"அதுக்கு எழுதியெல்லாம் வந்தாச்சு பாப்பா," என்றாள். "ஒங்கப்பாவுக்குத்தான் இன்னும் யாரும் சொல்லல."