எடுத்துவிடச் சொன்ன பேச்சு

"அந்தப் பேச்சை எடுத்துடும்மா" என்று தையல்காரி போனில் சொன்னபோது மாணவி முடிவுரையின் கடைசிப் பத்தியில் இருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

"எந்தப் பேச்சுக்கா? ஏதாவது ஒரு வரியா?"

"எல்லாத்தையும். முதல்லேர்ந்து." போன் வைக்கப்பட்டுவிட்டது.

மனநலவியலில் முதுகலைப் படிப்பு. மனநோய் வந்தவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்களைப் பற்றிய ஆய்வு. ஆஸ்பத்திரி பெஞ்சுகளில் காத்திருந்து அவள் பிடித்த ஆட்களில் பெரும்பாலோர், "என்ன பண்றது, சமாளிச்சுக்கிறோம்" என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. தையல்காரி ஒருத்திதான் திறந்தாள். திறந்தவள் மூடவேயில்லை. கணவனின் நோயோடு குடும்பம் நடத்தியதை அவள் கொட்டித் தீர்த்ததில்தான் ஆய்வேட்டின் நடு அத்தியாயம் முழுக்க நின்றது. அதை உருவிவிட்டால் மிச்சம் அட்டையும் நூற்பட்டியலும்தான்.

தானே இழுத்துவிட்டுக்கொண்ட வினைதான். பேட்டி கொடுத்தவர்களிடமே எழுத்துப் பிரதியைக் காட்டிச் சரிபார்த்து வந்தால் ஆய்வுக்குக் கனம் கூடும் என்று வழிகாட்டி சொல்லியிருந்தார். மற்றவர்கள் புரட்டிப் பார்க்காமலே தலையாட்டிவிட்டார்கள். தையல்காரி மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்திருக்கிறாள்.

மாணவி வழிகாட்டிக்குப் போன் போட்டாள்.

"எடுக்கச் சொன்னா எடுத்துடணும்மா. அது அவங்க உரிமை. சம்மதம் வாங்கும்போது நீயேதானே படிச்சுக் காட்டியிருப்ப?"

"மேடம், இன்னொரு தடவை நீட்டிப்புக் கிடையாது. என் பதிவே ரத்தாயிடும்."

"தெரியுது. போய்ப் பேசிப் பாரு. ஆனா வற்புறுத்தக் கூடாது."

வற்புறுத்தாமல் எப்படிப் பேசிப் பார்ப்பது என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

தையல் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கியிருந்தது. கணவன் உள்ளே உட்கார்ந்து பட்டன்களை நிறம் பார்த்து டப்பாக்களில் பிரித்துக்கொண்டிருந்தான். கடையில் கத்தரிக்கோலை எங்கும் வைப்பதில்லை. அது எப்போதும் தையல்காரியின் இடுப்பில், நாடாவில் தொங்கும்.

"வாங்க டீச்சர். இன்னிக்கு என்மேல என்ன புகார்?" என்றான் கணவன், சிரித்துக்கொண்டே.

"நீங்க போய் டீ சொல்லிட்டு வாங்க" என்று தையல்காரி அவனை அனுப்பினாள். மிஷினை மிதிப்பதை நிறுத்தவில்லை.

"பேர் எங்கயும் இல்லக்கா. தொழிலைக்கூட மாத்தியிருக்கேன். உங்களைச் சமையல்காரின்னு போட்டிருக்கேன்."

"சமையலா? நான் வெந்நீர் போட்டாலே தீஞ்சிடும்." அரை நொடி சிரிப்பு வந்து போனது. "வாயால சொன்னப்போ காத்தோட போச்சுன்னு இருந்தேன். நீ அதை அச்சடிச்சுக் கையில குடுக்கற. 'சில நாள் காலையில இவர் எழுந்திரிக்கலைன்னா நல்லாருக்கும்னு தோணும்.' இது நானா?"

"எல்லாருக்கும் தோணும்க்கா."

"தோணட்டும். அதை லைப்ரரியில அடுக்கி வைக்கணுமா?"

"யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாதுக்கா."

"எனக்குத் தெரியுமே."

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கழித்த மாதங்கள் அவளுக்கு ஞாபகம் வந்தன. ஞாயிறுதோறும் அப்பா போனில் பட்டும் படாமலும் கேட்கும் "முடிஞ்சுதாம்மா?" என்ற கேள்வியும் கூடவே வந்தது.

"இது போச்சுன்னா நான் இருந்து என்னக்கா பண்ணப்போறேன்? நிஜமா சொல்றேன், என்னை முடிச்சுக்கலாம் போல இருக்கு."

மிஷின் நின்றது. தையல்காரியின் முகத்திலிருந்த கோபம் துடைத்தாற்போல் போய்விட்டது. அவள் கை, அவளைக் கேட்காமலே, இடுப்பிலிருந்த கத்தரிக்கோலைப் பொத்தியது.

"உக்காரு. இங்க, இப்படி உக்காரு." குரல் இறங்கிவிட்டது. "வெச்சுக்கோ. எல்லாத்தையும் வெச்சுக்கோ. ஒரு எழுத்தும் எடுக்க வேணாம். சாப்டியா நீ?"

கடையிலிருந்து தெருவுக்கு வந்தபோது முதலில் வந்தது நிம்மதிதான். அப்பாடா என்றிருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கை திரும்ப ஞாபகம் வந்தது. கணவன் தன்னை ஏதாவது செய்துகொண்டுவிடுவானோ என்று அந்தக் கை அப்படிப் பொத்தப் பழகியதைப் பற்றித்தான் அவள் ஓர் அத்தியாயமே எழுதியிருந்தாள். எழுதியவள் அல்லவா, எதைச் சொன்னால் அந்தப் பெண் மறுக்கமாட்டாள் என்று இவளைவிட யாருக்குத் தெரியும்? வற்புறுத்தக் கூடாது என்றார் வழிகாட்டி. இவளோ கழுத்தில் கத்தியை வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அது தன் கழுத்துத்தான் என்பது என்ன சமாதானம்?

அறைக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், முதலில் ஒலிப்பதிவை அழித்தாள். பிறகு அத்தியாயத்தை. முடிவுரை அப்படியே மேலே நகர்ந்து வந்து, எதைப் பற்றிய முடிவு என்று தெரியாமல் நின்றது. நல்ல காரியம் செய்ததாகத் தோன்றும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

போன் அடித்தது.

"போய்ச் சேந்துட்டியா? கூட யாரு இருக்கா?" தையல்காரி.

"எடுத்துட்டேன்க்கா. எல்லாத்தையும் அழிச்சாச்சு. நீங்க பயந்துபோய் சொன்னதை நான் வெச்சுக்கக் கூடாது."

"அப்போ படிப்பு?"

"போச்சு."

"கடையில நீ சொன்னியே, அது என்னை மடக்கறதுக்குத்தானே? ஆமான்னா ஆமான்னு சொல்லிடு. நான் கோச்சுக்கமாட்டேன்."

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அந்தப் பெண் இன்று நிம்மதியாகத் தூங்குவாள். நிஜமாகவே சாகத் தோன்றுகிறதா என்று இவள் சுற்றி வளைத்து எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறாள். தன்னிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இப்போது கேட்டுப் பார்த்தாள். ஆமாம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை.

"தெரியலக்கா."

"சரி. தெரியலைன்னா தெரியல. அட்ரஸ் சொல்லு."

பின்னாலிருந்து கணவனின் குரல் கேட்டது: "இந்நேரத்துல கடையைப் போட்டுட்டு எங்க கிளம்பற?"

"உங்களையும் கூட்டிக்கிட்டுத்தான். சட்டையை மாத்துங்க." மீண்டும் போனில்: "வெச்சிடாதே. நாங்க வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இரு."

"என்னக்கா பேசறது?"

"என்னத்தையாவது. நான் எழுதி வெச்சுக்கமாட்டேன்."

அவள் எழுந்து போய்க் கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள். அங்கேயே, தரையில் உட்கார்ந்து, தெருவின் பெயரைச் சொல்லத் தொடங்கினாள்.