எதிர்க்கரை மின்சாரம்

விடியும் முன்பே சலவைக்கூடத்தின் தேய்ப்பு உருளை சூடேறிவிட்டது. ஈரப் படுக்கைவிரிப்பின் முனைகளை ஒதீலும் ஜுபைதாவும் ஆளுக்கொன்றாகப் பிடித்து, உதறி, இழுத்து, அதன் வாயில் கொடுத்தார்கள். ஆவி முகத்தில் அடித்தது. முதுகில் வியர்வை, கால்விரல்களில் ஜனவரிக் குளிர். விரல் நுனிகள் மரத்துப்போய்ப் பல காலம் ஆகிறது, சூடு தெரியாது. சன்னலுக்கு வெளியே, லுவார் ஆற்றின் எதிர்க்கரையில், அணுமின் நிலையத்தின் கோபுரங்கள் வெள்ளை வெளேரென்று நீராவி விட்டுக்கொண்டிருந்தன.

ஒதீலின் கணவன் லோயிக் அங்கேதான் மின்சாரம் எடுக்கும் சுழலியைப் பார்த்துக்கொள்கிறான். நிலையத்து ஆட்களுக்கு மின்கட்டணம் பேருக்குத்தான். அதனால் சலவைக்கூடத்தில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர்.

“ஏ, ஓசிக் கரண்ட்டுக்காரி, இறுக்கிப் பிடிடி,” என்றாள் ஜுபைதா.

அன்றைக்குச் சிரிப்பு அதோடு சரி. தேய்ப்புப் பிரிவை மூடப்போகிறார்கள் என்று காற்றுவாக்கில் சேதி வந்திருந்தது.

முதலாளி மொர்வான் அயலார் இல்லை. அவருடைய அம்மா இதே உருளையில் நின்று கை வெந்தவள். பள்ளி விட்டு வந்து துணிமூட்டை மேல் தூங்கிப்போகும் அந்தப் பையன் மொர்வானை ஒதீல் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவாள். கூடம் அவன் கைக்கு வந்ததும் அது ‘நீங்க’ ஆயிற்று. போன இலையுதிர் காலத்தில் அவர் இவர்கள் முன்னால் கண்கலங்கி நின்றார். மின்சாரம் விற்கிற கம்பெனி நம்மைக் கைவிட்டுவிட்டது, புதுக் கம்பெனி நாலு மடங்கு கேட்கிறது, ஆண்டு முடிவில் போனசாக வரும் பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தை நீங்கள் விட்டுக்கொடுத்தால் ஒருத்தரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். முதல் கை ஒதீலுடையது. ஜுபைதா பேத்திக்கென்று பார்த்து வைத்திருந்த சைக்கிள் கடையிலேயே நின்றது.

நேற்றிரவு வீட்டில் சூப்பு குடிக்கையில் ஒதீல் இந்தப் பேச்சை எடுத்தபோது லோயிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். அவன் அந்த வாரம் வேலைநிறுத்தத்தில் இருந்தான். எதற்கென்று அவள் கேட்டதில்லை. சம்பளத்துக்காக இருக்கும் என்று விட்டுவிட்டாள். அவன் பொறுமையாகச் சொன்னான். சொந்தமாக ஒரு சுழலிகூட இல்லாத கம்பெனிகளுக்கு, நிலையம் தன் மின்சாரத்தில் ஒரு பங்கைச் சட்டம் வைத்த மலிவு விலைக்குக் கொடுத்தாக வேண்டும். போட்டி வந்தால் ஜனங்களுக்கு விலை குறையுமாம். எத்தனை வாடிக்கையாளரைக் காட்டுகிறார்களோ அத்தனை பங்கு. பங்கு கைக்கு வந்தபின் சந்தையில் விலை எகிறினால், வாடிக்கையாளரைக் கழற்றிவிட்டு, அவர்கள் பேரில் வாங்கியதைச் சந்தையில் விற்றுவிடலாம். இப்போது அரசு அந்தப் பங்கை இன்னும் பெருக்கப் பார்க்கிறது. அதை எதிர்த்துத்தான் இந்த வேலைநிறுத்தம்.

“ராப்பகலா நாங்க சுத்தி விடுறது உங்க உருளைக்குன்னு நெனச்சோம்,” என்றான். “நடுவுல ஒருத்தன் ஒக்காந்து தின்னுட்டுப் போறான்.”

அன்று காலை மொர்வான் மேல்கோட்டைக் கழற்றாமலே கூடத்துக்குள் வந்தார். இந்த உருளை தின்கிற மின்சாரத்துக்குத் தன்னால் காசு கட்ட முடியாது, மாதக் கடைசியோடு தேய்ப்புப் பிரிவு நிற்கும் என்றார். கோபம் இருந்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொழுத்துப்போய் வேலைநிறுத்தம் செய்கிறவர்களிடம் காட்டச் சொன்னார். சிலர் ஒதீலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“கரண்ட் கம்பெனியோட கையெழுத்துப் போட்ட அன்னிக்கு, மூணு வருஷத்துக்கு விலை ஏறாதுன்னு எங்களுக்குக் கேக் குடுத்தீங்களே. அந்தக் கம்பெனி எப்படிப் பாதியில போச்சு?”

“அவங்க போகல. நம்மளத்தான் போகச் சொன்னாங்க. அதுவும் சும்மா இல்ல, அதுக்குன்னு ஒரு தொகை…”

மொர்வான் நிறுத்திக்கொண்டார். எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

“எந்தக் கடைக்காரன் வந்த ஆளக் காசு குடுத்து வெரட்டுவான்?” என்றாள் ஜுபைதா. “வெரட்டுறதுல அவனுக்கு லாபம். வாங்கிக்கிட்டதுல உங்களுக்கு லாபம். எங்ககிட்ட மட்டும் கண்ணீரா?”

“அது பேங்க் கடனுக்குப் போச்சும்மா. நானும் பொழைக்கணும்ல.”

“மொதக் கை தூக்கினது நான்,” என்றாள் ஒதீல். குரல் உயரவில்லை. “ஒன் அம்மா நின்ன எடத்துல நின்னு தூக்கினேன். காசு வாங்குன கையோடயா எங்க முன்னாடி அழுத நீ?”

‘நீ’ தானாகவே திரும்பி வந்திருந்தது. பிடிக்காதவர்கள் போகலாம் என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடி அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

துணியையெல்லாம் ஆற்றில் கொட்டலாம் என்றாள் ஒருத்தி. முதியோர் இல்லத்துக் கிழவர்கள் எதன் மேல் படுப்பார்கள் என்று இன்னொருத்தி கேட்டாள். பேசி முடிவெடுத்தார்கள். முதியோர் இல்லத்து விரிப்புகளைத் தேய்த்து, மடித்து, வண்டிகளில் அடுக்கினார்கள். ஓட்டல்காரர்களின் துணி ஈரத்தோடு கிடக்கட்டும். கடைசி விரிப்பு உருளையை விட்டு வெளியே வந்ததும் ஒதீல் சிவப்புக் குமிழை அழுத்தினாள். இரைச்சல் ஓய்ந்தது. ஜுபைதாவின் மூச்சுகூட அவளுக்குக் கேட்டது.

லோயிக்குக்குப் போன் போட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: நிறுத்திட்டோம்.

அவர்கள் வாசலுக்கு வந்தபோது மூடுபனிக்குள் பாலத்தின் மேல் ஆரஞ்சு நிறச் சட்டைகள் தெரிந்தன. குளிர்காய விறகுக்கட்டை, காப்பிக் குடுவை, தங்கள் பதாகையோடு நிலையத்து ஆட்கள் நடந்தே வந்தார்கள். இந்தக் கூடத்தின் வாசலுக்கு அவர்கள் வருவது இதுவே முதல் தடவை.

ஜுபைதா ஒரு வண்டியை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டாள்.

“முதியோர் இல்லத்துக்குப் போகணும். மடிப்பு கலையாமத் தள்ளுங்கப்பா, ஓசிக் கரண்ட்டுக்காரங்களே.”

லோயிக் கையுறையைக் கழற்றிவிட்டு வண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். விரிப்புகளில் இன்னும் சூடு இருந்தது. மறுபக்கத்தை ஒதீல் பிடித்தாள்.