சாருஜா சாகாத வேடம்

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்றாம் மாடி வீட்டு நடையில், சாருஜா தன் பெரியம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பக்தியால் அல்ல.

“பெரியம்மா, ஒரேயொரு வரி. வாசிச்சால் போதும். நடிக்கக்கூட வேண்டாம்.”

“மற்றதெல்லாம் வாசிக்கிறன். உந்த வரி மட்டும் என்ர வாயால வராது,” என்றார் பாலாம்பிகை.

அந்த வரி உள்ள நடிப்புத் தேர்வு வீடியோ ஐந்து மணிக்குள் லொஸ் ஏஞ்சலிஸ் போய்ச் சேரவேண்டும். இருப்பது ஒரு மணித்தியாலம்.

முதலில் இருந்து சொன்னால்தான் அவளுடைய எரிச்சலிலும் ஒரு நியாயம் இருப்பது உங்களுக்கு விளங்கும். சாருஜா நியூ ஜேர்சியில் பிறந்து வளர்ந்தவள். மருந்தாளர் படிப்பை மூன்றாம் வருடத்தில் தூக்கி எறிந்துவிட்டு நடிக்கப் போனவள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவளுக்குப் பெயர் சாரா ஜே. பத்தொன்பது வருடத்தில் இரண்டு சினிமா, முப்பத்துச் சொச்சம் தொடர்கள். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. முகத்தைக் கண்டால் மட்டும், “உங்களை எங்கேயோ பார்த்திருக்கிறேனே, எங்கள் பல் வைத்தியரிடம் வேலை செய்கிறீர்களா?” என்று கேட்பார்கள். தாதியாக வருவாள். விஷவாயுவைப் பற்றி எச்சரிக்கும் விஞ்ஞானியாக வருவாள். கதாநாயகனுக்குப் புத்தி சொல்லும் நல்ல சிநேகிதியாக வருவாள். வந்து, விளம்பரம் போடுவதற்கு முன் செத்துப்போவாள். அப்படிப் பதினொரு தரம் செத்தாயிற்று. மொன்றியலுக்கு வந்ததும் பன்னிரண்டாவது சாவுக்குத்தான். பழைய துறைமுகத்தில் இரண்டு நாள் படப்பிடிப்பு. புதன்கிழமை வக்கீல், வியாழக்கிழமை பிணம்.

படக் கம்பெனி ஹோட்டல் அறை கொடுத்திருந்தது. “எங்கட வீடு இருக்கேக்க நீ ஹோட்டலில கிடந்தால் சனம் என்ர முகத்தில காறித் துப்பும்” என்று பெரியம்மா ஃபோனில் ஒரு பாட்டம் அழுதார். சாருஜா மசிந்துவிட்டாள். அதுதான் அவள் விட்ட பிழை.

இன்று மத்தியானம் ஏஜென்ட் கூப்பிட்டான். பத்துப் பாகத் தொடர். வந்தேறிய குடும்பம் ஒன்றின் மகள், தாயோடு சண்டை பிடித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறவள். முதல் பாகத்திலிருந்து கடைசிப் பாகம் வரை இருக்கிறாள். “சாகிறாளா?” என்று சாருஜா இரண்டு தரம் கேட்டாள். சாகவில்லை. நாற்பத்திரண்டு வயதுக்காரிக்கு அப்படியொரு வேடம் இன்னொரு முறை வாசல் தட்டாது. ஒரு காட்சியை நடித்து, தானே படம் பிடித்து அனுப்பவேண்டும். தாயின் வசனத்தை யாராவது கமராவுக்குப் பின்னால் நின்று வாசித்தால் சரி.

கேட்கச் சுலபம்தான். முதலில் வெறும் சுவர் ஒன்று வேண்டும். அந்த வீட்டில் சுவர் எங்கே தெரிகிறது? முருகன், பிள்ளையார், மூன்று தமிழ்க்கடைக் கலண்டர்கள், மகனின் பட்டமளிப்புப் படம், மணிக்கொருதரம் காயத்ரி மந்திரம் சொல்லும் கடிகாரம். கடைசியில் குளியலறைக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு துண்டு நடை கிடைத்தது. அங்கே ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஆணியில் மாட்டினாள்.

“ஐயோ, கழட்டடி! செத்தவீட்டுக்கு வெள்ளை கட்டின மாதிரி!”

நீல விரிப்பைத் தேடி எடுப்பதில் இருபது நிமிடம் போனது.

பிறகு வாசிப்பு. பெரியம்மாவுக்கு ஆங்கிலம் வரும். கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரிக் குசினி ஒன்றில் முப்பது வருடம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மாறி மாறிச் சண்டை பிடித்தவர். நன்றாகத்தான் தொடங்கினார். ஆனால் காட்சியின் உச்சத்தில் தாய் மகளைப் பார்த்து, “இந்த வாசலைத் தாண்டினால் நீ எனக்குச் செத்தவள்” என்று சொல்லவேண்டும். அதற்கு மகள், “அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நான் போகிறேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பவேண்டும்.

முதல் தரம் பாலாம்பிகை வாசித்தார்: “இந்த வாசலைத் தாண்டினால்... கவனமாப் போட்டு வா.”

இரண்டாம் தரம்: “இந்த வாசலைத் தாண்டினால் நீ எனக்கு... அதுதான்.”

மூன்றாம் தரம் அந்த இடத்தில் இருமினார். நாலாம் தரம் கடிகாரம் நாலடித்து மந்திரத்தை எடுத்துவிட்டது. அப்போதுதான் சாருஜா கையெடுத்துக் கும்பிட்டாள்.

“வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கப்போற நேரம், வீட்டுக்கு வந்த பிள்ளையைப் பாத்துச் சாவெண்டு சொல்லுறதோ? எனக்கென்ன விசரே?”

“என்னைச் சொல்லேல்லை பெரியம்மா! அந்தப் பாத்திரத்தைச் சொல்லுறீங்கள்!”

“பாத்திரம் எங்க நிக்குது? நீதானே நிக்கிறாய்.”

கதவு தட்டப்பட்டது. இரண்டாம் மாடி றெஜினா, ஒரு தட்டு ரோல்ஸோடு. மன்னார்க்காரி, மாதா கோயில் பாடகர் குழுவில் முன்வரிசை. “பாலாக்கா, வெள்ளியெண்டு மரக்கறி ரோல்ஸ்தான் சுட்டனான். நடிகைப் பிள்ளையோட ஒரு படம் எடுக்கலாமோ? அட, நேரில மெலிவாயெல்லோ இருக்கிறா!”

நிலவரத்தைக் கேட்டதும் றெஜினா தட்டை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். “தாங்கோ இங்க. நாங்கள் வேதக்காரர், எங்களுக்கு உந்தச் சகுனம் கிகுனம் ஒண்டுமில்லை.”

சாருஜாவுக்குப் போன உயிர் வந்தது. வந்த உயிர் அரை நிமிடத்தில் திரும்பப் போனது. றெஜினா ஞாயிறுதோறும் பூசையில் வாசகம் வாசிக்கிறவர். நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டு, கடைசி வாங்கில் இருக்கும் கிழவருக்கும் கேட்கவேண்டும் என்ற அக்கறையோடு, “இந்த... வாசலைத்... தாண்டினால்...” என்று முழங்கினார். செத்தவள் என்பதையும் தயங்காமல் சொன்னார். சொல்லிவிட்டுத் தலைகுனிந்து, சபையின் பதிலுக்காகக் காத்து நின்றார். இரண்டு நிமிடக் காட்சி ஐந்தரை நிமிடம் ஓடியது.

“அன்ரி, கொஞ்சம் கோவமாச் சொல்லுங்கோ. மகளோட சண்டை.”

“பழக்கதோஷம் பிள்ளை. இன்னொருக்கா?” என்றவர் மணியைப் பார்த்துத் துள்ளினார். “ஐயோ, பிள்ளை பாக்கிற கார்டெரியில பேத்தி காத்து நிக்கப்போறாள்! பூட்டிப்போட்டு அந்தப் பொம்பிளை என்னைத் தின்னும்.” படியிறங்கி ஓடினார். படம் எடுக்கவும் மறந்துபோனார்.

நாலு முப்பத்திரண்டு.

சாருஜா குளியலறைக் கதவில் சாய்ந்து நிலத்தில் குந்தினாள். “நான் பன்னிரண்டு தரம் செத்தனான். அப்ப ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. உயிரோட இருக்கிற வேஷம் ஒண்டு இப்பதான் வந்திருக்கு. அதுக்கு வழியை மறிச்சுக்கொண்டு நிக்கிறது நீங்கள்.”

“ஒருத்தரும் வாய் திறக்கேல்லையோ?” பாலாம்பிகையின் குரல் ஏறியது. “முதலாவது, காரோட ஆத்துக்குள்ள விழுந்தது. ரெண்டாவது, ஆஸ்பத்திரிப் படத்தில கிருமி பிடிச்சு. மூண்டாவது, அந்தத் தாடிக்காரன் சுட்டவன், அவன் நாசமாப் போக. நாலாவது, மாடியால விழுத்தினவங்கள். சொல்லட்டோ மிச்சமும்? ஒவ்வொண்டுக்கும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சு, உன்ர நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்தனான். ஐயர் கேட்டவர், யாரம்மா இந்தச் சதயம், இவ்வளவு கண்டமோ எண்டு.”

சாருஜா நிமிர்ந்து பார்த்தாள். அந்த மாடிக் காட்சி அவளுக்கே மறந்து போயிருந்தது. “உங்களுக்கு ஆர் சொன்னது? நான் ஒருத்தருக்கும் சொல்லுறதில்லையே.”

“கொம்மாதான். அவள் போனபிறகு நானே தேடிப் பாக்கிறன்.”

“அம்மா என்ர ஒண்டையும் பாக்கிறேல்லை. ஒருநாளும் பாத்ததில்லை எண்டு எனக்கு முகத்துக்கு நேர சொன்னவ.”

“அது உனக்குச் சொன்னது. படம் முடிஞ்ச கையோட எனக்கு ஃபோன் வரும். ‘அக்கா, பிள்ளையைத் திரும்பவும் சாக்கொண்டுபோட்டாங்கள். நாளைக்கு ஒருக்கா கோயிலுக்குப் போ’ எண்டு. நீ படிப்பை விட்டிட்டுப் போகேக்க அவள் ஒரு சொல் சொன்னவளெல்லோ? இதே சொல்தான். அந்தக் கண்டறியாத சொல் பலிச்சுத்தான் நீ படத்திலயெண்டாலும் செத்துக்கொண்டிருக்கிறாய் எண்டு அவளுக்கு ஒரு விசர். கண் மூடுமட்டும் அது போகேல்லை.”

தாய் போய் நாலு வருடம். சாருஜாவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. “எனக்கு எடுத்திருக்கலாமே! ஒருக்கா எண்டாலும்!”

“எடுத்து என்னத்தைச் சொல்லுறது? நல்லாச் செத்தனி எண்டோ?”

குசினியில் பைப் சொட்டியது. நாலு நாற்பத்தாறு.

பாலாம்பிகை கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டார். “சரி, எழும்பு. சொல்லித் துலைக்கிறன். ஆனா நீ ‘போறன்’ எண்டு சொல்லக்கூடாது.”

“அது எழுதிக் கிடக்கு பெரியம்மா!”

“அப்ப நானும் சொல்லேல்லை.”

“சரி, சரி! எழுதினதைச் சொல்லிப்போட்டு முறையாவும் சொல்லுறன். போதுமோ?”

ஃபோனை மா டப்பாவின்மேல் நிறுத்தினாள். காட்சி தொடங்கியது. அந்த இடம் வந்தபோது பாலாம்பிகை கத்தவில்லை. தொண்டைக்குள், கடைசிச் சொல்லில் குரலை ஒரு கேள்விபோல் தூக்கி, இல்லையென்று சொல்லமாட்டாயா என்று இரப்பதுபோலச் சொன்னார். பத்தொன்பது வருடத்துக்கு முன் ஃபோனில் அம்மாவிடமிருந்து கேட்ட அதே குரல். அன்று சாருஜா அதைக் கோபம் என்று நினைத்து டக்கென்று வைத்துவிட்டாள்.

மத்தியானம் முழுக்கப் பழகி வைத்திருந்த ஆத்திரம் இப்போது முகத்துக்கு வர மறுத்தது. எழுதியிருந்த வரியை ஆங்கிலத்தில் சொன்னாள். பாதி திரும்பியவள் நின்று, போய்வரும் முறைப்படி தமிழில், “போட்டு வாறன்” என்றாள்.

“ஓம், போட்டு வா” என்றது கமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

வெட்டி எடுக்க நேரமில்லை. திரும்ப எடுக்கவும் நேரமில்லை. நாலு ஐம்பத்தேழுக்கு அனுப்பினாள். அந்த வீட்டு இணையம் எறும்புபோல ஊர்ந்து, கடிகாரம் ஐந்து மணி மந்திரத்தைத் தொடங்கும்போதுதான் போய்ச் சேர்ந்தது. “கெட்டுது” என்றாள் சாருஜா. “ரோல்ஸைச் சாப்பிடு” என்றார் பெரியம்மா.

செவ்வாய்க்கிழமை காலை. விமான நிலையத்துக்குப் போக ரக்ஸி கீழே நின்றது. வெளியிலிருக்கும் இரும்புப் படிக்கட்டில் பெட்டியோடு இறங்கும்போது ஏஜென்ட் கூப்பிட்டான். மகள் வேடம் பத்து வயது குறைந்த ஒருத்திக்குப் போய்விட்டது. ஆனால் வீடியோவைப் பார்த்துவிட்டு வேறொன்று தருகிறார்கள், குடும்ப நீதிமன்ற நீதிபதி. மூன்று பாகம், கூடவும் செய்யலாம்.

பின்னால் இறங்கிய பாலாம்பிகை கேட்ட முதல் கேள்வி: “சாவாளோ?”

“இல்லை. மற்ற ஆக்களுக்குத் தீர்ப்புச் சொல்லுறவள்.”

“வடிவாக் கேட்டனியோ?”

“ரெண்டு தரம் கேட்டனான் பெரியம்மா. பிளேனுக்கு நேரமாகுது.”

“நில். அந்தச் செத்த வக்கீலின்ர கணக்கு இன்னும் கிடக்கு.” பெரியம்மா கைப்பையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்தார். ரக்ஸிக்காரன் ஹோர்ன் அடித்தான்.

சாருஜா பெருமூச்சு விட்டாள். பெட்டியை வைத்துவிட்டுத் தேங்காயைப் பிடுங்கிக் கடைசிப் படியில் ஓங்கி அடித்தாள். அது கோணலாக வெடித்துத் தண்ணீர் முழுவதும் அவளுடைய காற்சட்டையில் தெறித்தது.

“ஒரு தேங்காய் ஒழுங்கா உடைக்கத் தெரியாது,” என்றார் பாலாம்பிகை, குனிந்து சிதறலைப் பொறுக்கியபடி. “பத்தொன்பது வருஷமா என்னத்தை நடிச்சனியோ.”