காலமானவரின் பெயர்

கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுண் மாடி வீட்டில், ஞாயிறு மத்தியானம், விநாயகமூர்த்தி ஹெட்போனைக் காதில் மாட்டினார். யாழ்ப்பாணத்தில் சண்டையில் இடிந்த வீடுகளைக் கனடா அரசின் காசில் திரும்பக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். காசு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க அரசு அமர்த்திய கொம்பனி, வீடு கிடைத்த பெண்களின் பேச்சைக் கசெற்றில் பிடித்து வந்திருந்தது. அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது இவருடைய வேலை. வீடு விதவைகளுக்கு மட்டும். பொய் சொல்லி எடுத்தவர்கள் அகப்பட்டால் குறித்துக் கொடுக்க வேண்டும். வீட்டைத் திருப்பி எடுத்துவிடுவார்கள்.

நல்ல சட்டம்! புருசன் உயிரோடிருந்தும் தனியாய்க் கிடந்து மழையில் நனைகிறவளுக்கு ஒரு ஓலைகூடக் கிடையாது.

இரண்டாவது கசெற்றில் அந்தக் குரல் வந்தது. யோகராணி, அவருடைய மனைவி. இவருடைய அகதி வழக்கு முடியாததால் அவளைக் கனடாவுக்குக் கூப்பிட வழியில்லை. கடிதமும் நின்று ஒரு வருடத்துக்கு மேல். ஐயோ, உயிரோடு இருக்கிறாள்!

"அவர் காலமாகிட்டார்," என்றாள் யோகராணி.

"பேர்?" என்று கேட்டது ஓர் ஆண்குரல்.

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவள் அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. எல்லாம் "இஞ்சாருங்கோ"தான். சொன்னால் புருசனுக்கு ஆயுள் குறையும் என்று நம்புகிறவள். அரிசி வாங்கப் போன சங்கக்கடையில் புருசன் பெயர் கேட்டால்கூடப் பக்கத்து வீட்டுக்காரியைக் கொண்டுதான் சொல்விப்பாள்.

"விநாயகமூர்த்தி," என்றாள்.

பொட்டை அழித்து, தாலியைக் கழற்றி எங்கேயோ ஒளித்துவிட்டுத்தான் இதைச் சொல்லியிருப்பாள். கோதாரி விழுந்த வீடு! அவருக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. திட்டக்கூடப் பக்கத்தில் ஆளில்லை.

பிறகு பேனாவை எடுத்து, கணவர் இறந்துவிட்டார் என்று எழுதினார்.

மறுநாள் கொம்பனி அலுவலகத்தில், அங்கே வேலை செய்த ஒரே தமிழ்ப்பிள்ளை அன்ரனெற் தாள்களைப் புரட்டினாள்.

"அங்கிள், உது உங்கட பேரெல்லோ?"

"ஊரில உந்தப் பேருக்கோ பஞ்சம், பிள்ளை?"

"பொய் சொன்ன ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

"ஒருத்தரும் இல்லை."

"பாவம் அந்த அன்ரி. தனிய என்னெண்டு இருக்கிறாவோ."

"வீடு இருக்குத்தானே," என்றார்.

கசெற்றையும் கொடுத்துவிட வேண்டும். ஒரு சொல் விளங்கவில்லை, ஒருக்கால் கேட்டுவிட்டுத் தாறன் என்று சாட்டுச் சொல்லிக்கொண்டு மூலைக் கதிரையில் போய் இருந்து, அந்த இடத்தைத் திரும்பப் போட்டார்.

"விநாயகமூர்த்தி," என்றாள் யோகராணி.

"ஓம்," என்றார் மெல்ல. "இஞ்சதான் இருக்கிறன்."