ஆறாவது சானல்

ஆறாவது சானலைத் திறந்ததும், ஈரத்துணியைக் கல்லில் அடிப்பது போன்ற சத்தம் ஷஹனாஸின் காதில் விழுந்தது. ஹெட்ஃபோனைச் சரிசெய்துகொண்டாள். கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் அந்த ஆலையில் அவளுக்கு அது மூன்றாவது நாள். கம்ப்யூட்டர்களை இணைக்கும் கேபிள் வழியாகவே பேச்சையும் அனுப்பும் புது ஒலிபெருக்கி அமைப்பு. உலைக்கூடம், கேன்டீன், கேட், செக்யூரிட்டி அறை என்று இடத்துக்கு ஒரு சானல், ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர். எந்த மைக்கின் குரல் எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்று திரையில் டிக் செய்து, ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டுப் பார்க்க வேண்டும். காக்களூர் கம்பெனி அவளைத் தனியாக அனுப்பிய முதல் வேலை. அதற்காகப் பழவேற்காட்டில் வாப்பா இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை.

சத்தம் மறுபடி கேட்டது. பிறகு ஒரு குரல். "போட்றா கையெழுத்து. குடிச்சிட்டு வந்து உலையில வுயுந்தான்னு எழுதியிருக்கு. அவ்ளோதான்."

"சங்கிலி அறுந்துச்சு சார். நான் பாத்தேன்" என்றான் இன்னொருவன். அடுத்த அடியில் அவன் குரல் உடைந்தது.

ஷஹனாஸ் ஹெட்ஃபோனைக் கழற்றி, கேபிள் இழுக்க உதவிக்கொண்டிருந்த ஆலை எலக்ட்ரீஷியன் பாக்கியநாதனிடம் கொடுத்தாள். அவர் ஒரு நிமிடம்கூடக் கேட்காமல் திருப்பிக் கொடுத்தார்.

"அரசப்பன். போன மாசம் உலையில வுயுந்து ஒருத்தன் செத்தானே, அவன்கூட நின்னுகினு இருந்தவன்" என்றார். "மூடிடும்மா. நம்ம வேல கேபிளு."

"ஆளு செத்துடுவான்ண்ணே."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் மேஜை போனை எடுத்து, ஆறாவது சானலான செக்யூரிட்டி அறையின் எண்ணை அழுத்தினாள். மணி அடிப்பது ஹெட்ஃபோனிலும் கேட்டது. அடி நின்றது. செக்யூரிட்டி ஆபீசர் போனை எடுத்து, பணிவாகவே, "ஒண்ணுமில்லமா, டிவி ஓடுது" என்றார். ரிசீவரை வைத்த கையோடு அடி மறுபடி தொடங்கியது. முன்பைவிட வேகமாக. அந்தப் பணிவான குரலை நினைத்துத்தான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆறாவது மைக்குக்கு நேராக இருந்த எல்லாக் கட்டங்களையும் டிக் செய்தாள். பாக்கியநாதன் திரும்பிப் பார்ப்பதற்குள், அரசப்பனின் அலறல் ஆலை முழுவதும் கேட்டது.

உலைக்கூடத்தில் கம்பி இழுக்கும் இயந்திரம் நின்றது. கேன்டீனில் தட்டுகள் விழுந்தன. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தபோது, முற்பகல் வெயிலில் இருநூறு பேராவது கேட்டை ஒட்டிய செக்யூரிட்டி அறையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் கையில் கம்பி. கதவு உடைவதை அவள் ஸ்பீக்கரில் கேட்டாள். அந்த அறையின் சத்தம் அந்த அறை ஸ்பீக்கரிலேயே திரும்பி வந்து ஊளையிட்டது. யாரோ அந்த ஸ்பீக்கரை அடித்து நொறுக்கினார்கள். மைக் மட்டும் உயிரோடு இருந்தது.

ஆபீசரின் கெஞ்சல் சீக்கிரமே தூரப் போனது. பின்வாசல் வழியாக ஓடியிருக்க வேண்டும். பிறகு வேறொரு குரல், வயதான குரல். "நான் அடிக்கலபா. வெளிய நிக்கச் சொன்னாங்க, நின்னுகினு இருந்தேன். ஐயோ, நான் அடிக்கலபா."

பாக்கியநாதனின் முகம் வெளிறியது. "கலியன். வாட்ச்மேன். பக்கத்து ஊட்டுக்காரன். நான்தான் இங்க சேத்து வுட்டேன்." அவள் தோளைப் பிடித்தார். "சொல்லுமா. மைக்குல சொல்லு. அவன் இல்லன்னு சொல்லு."

அவள் சொன்னாள். "வாட்ச்மேனை அடிக்காதீங்க, அவர் இல்ல, அவர் இல்ல." கேன்டீனிலும் கேட்டிலும் காலியான உலைக்கூடத்திலும் அது ஒலித்தது. அந்த அறைக்குள் பேச ஸ்பீக்கர் இல்லை. கலியனின் காக்கிச்சட்டை ஒன்றுதான் அங்கே அவர்களுக்குக் கிடைத்திருந்தது. பாக்கியநாதன் படியிறங்கி ஓடினார். அவர் போய்ச் சேர்ந்து "வுடுங்கடா" என்று கத்துவதும் மைக்கில் கேட்டது. அதற்குள் கலியன் குரல் நின்றிருந்தது.

ஆலையில் ஒரே ஒரு வேன். அரசப்பனை நீள சீட்டில் கிடத்தினார்கள், கலியனைத் தரையில். ஷஹனாஸ் யாரிடமும் கேட்காமல் ஏறி, கலியனின் தலையை மடியில் தூக்கி வைத்து, துப்பட்டாவால் காதுக்கு மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பாக்கியநாதன் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. அரசப்பன் வீங்கிய கண்ணால் கீழே பார்த்தான்.

"இவர ஏன் அடிச்சாங்க?" என்றான். பல் உடைந்திருந்ததால் சொற்கள் குழறின. "இவுரு தண்ணி குடுத்தாரு. அந்த ஆபீசர் பாக்காத நேரத்துல ரெண்டு வாட்டி குடுத்தாரு."

முன் சீட்டில் பாக்கியநாதனின் முதுகு அசையவில்லை. துப்பட்டா நனைந்து கனத்து, ஷஹனாஸின் விரல்களுக்கு இடையே ரத்தம் சூடாக இறங்கிக்கொண்டிருந்தது.

கூட்ஸ் வண்டி வந்தது. பெட்டிக்குப் பெட்டி இருந்த இடைவெளியில் வெயில் புகுந்து கலியனின் முகத்தில் விழுந்தது, மறைந்தது, மறுபடி விழுந்தது. அவருடைய ஒரு கண் பாதி திறந்திருந்தது. வெயில் படும்போதெல்லாம் அந்த இமை சுருங்குகிறதா என்று அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.