தார்ப்பாய்: ஒரு சொற்குறிப்பும் ஒரு தூணும்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு மாதப் பத்திரிகைக்கு ஆங்கிலச் சொற்களின் வரலாறு பற்றிப் பத்தி எழுதுகிறேன். இந்த மாதச் சொல் ‘டார்பாலின்’. ஆசிரியர் கேட்டது ஒரே ஒரு பக்கம். அதில் பாதி எழுதியிருந்தபோது அக்கா போன் செய்தாள். அவள் புருஷன், என் மாமா, வேலை பார்க்கும் கிடங்கில் ஒரு தூண் சாய்ந்து, சுவரோடு அவர் மேலேயே விழுந்துவிட்டது என்றாள்.

உயிருக்கு ஆபத்தில்லை. இடுப்புக்குக் கீழே என்ன ஆகும் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

சொல்லையும் விட முடியவில்லை, சுவரையும் விட முடியவில்லை. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் ஆசிரியர் பாடு.

2

விபத்துக்கு முன்னால் எழுதிய தொடக்கம் இது. அடிக்காமல் அப்படியே விடுகிறேன்.

“அலைகடலின் மேல் மிதந்த மரக்கலங்களில், முரட்டுத் துணியில் தாரைப் பூசி, மாலுமிகள் தங்கள் சரக்கை…”

(அலைகடலாம், மரக்கலமாம். எழுதியவனை நாலு சாத்து சாத்தவேண்டும்.)

நேராகச் சொல்கிறேன். ‘டார்’ என்றால் தார். பின்பாதியில் இருப்பது ‘பால்’ என்பார்கள். காபியில் ஊற்றுகிற பால் இல்லை, மேலே போர்த்தும் துணி. அதற்கும் பின்னால் லத்தீனில் ஒரு மேலங்கியின் பெயர் இருக்கிறது. சவப்பெட்டியின் மேல் விரிக்கும் துணிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். ஒருகாலத்தில் கப்பல்காரனையே ‘டார்பாலின்’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள், பிறகு அது சுருங்கி வெறும் ‘டார்’ ஆகியிருக்கிறது. நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். ஓசையையும் விடாமல், பாயையும் விரித்து, ‘தார்ப்பாய்’ என்று வீட்டுச் சொல்லாகவே ஆக்கிக்கொண்டார்கள். இன்று கடையில் விற்கும் நீலப் பாயில் தார் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்தச் சொல்லின் வேரில் எங்கேயும் மழை இல்லை. போர்த்துவது மட்டும்தான் இருக்கிறது. எதை, யாருக்காகப் போர்த்துகிறோம் என்பதைச் சொல் சொல்லாது. அதை நாம்தான் கேட்கவேண்டும்.]

3

அக்காவைக் கதாபாத்திரமாக்குவதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. தார்ப்பாயைப் பற்றி எழுதுகிறவனுக்குத் தார்ப்பாய் தைக்கும் அக்கா இருந்தால், எவ்வளவு வசதியாகப் போய்விட்டது பார் என்று வாசகர் சிரிப்பார். சிரியுங்கள். அவள் அந்தக் கடையில் தைக்கிறாள் என்பதால்தான் எனக்கு இந்தச் சொல் மேல் கண் போனது.

கடையின் முன்பக்கம் சுருள்கள், கயிறு, பித்தளை வளையங்கள். தடுப்புக்குப் பின்னால் பெரிய தையல் மெஷின். அக்கா அங்கேதான் உட்கார்ந்திருப்பாள். விளிம்பை இரண்டாக மடித்து, நடுவில் கயிறு வைத்து, ஒரே ஓட்டமாக அடிப்பாள். அவள் பேசும்போதும் மெஷின் நிற்காது, அதனால் எல்லாரிடமும் கத்தியே பேசுவாள். தொலைபேசியில் ஆர்டர் கொடுக்கிறவர்கள் யாரும் தைக்கிறவளைப் பார்த்ததில்லை.

கிடங்கு முதலாளியும் பார்த்ததில்லை. அதுதான் அவர் செய்த தப்பு.

4

விபத்து நடந்த மூன்றாம் நாள் கிடங்கு முதலாளி கடைக்குப் போன் செய்தார். கடைக்காரர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

“இடிஞ்ச பக்கம் முழுக்க மூடணும். மழை உள்ள போகக் கூடாது, அவ்வளவுதான். லேபர் இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்கணும்னு உத்தரவு. நல்லா ஸ்ட்ராங்கா தைச்சுக் குடுங்க.”

அக்கா மெஷினை நிறுத்தினாள். கடைக்குப் போயிருந்த எனக்கே அது புதுசு, அவள் எதற்கும் நிறுத்தமாட்டாள்.

முறிந்த தூணை முந்தின நாளே நாங்கள் ரோட்டிலிருந்து பார்த்திருந்தோம். உள்ளே கம்பியே இல்லை. வெறும் செங்கல்லும் மண்ணும், மேலே ஒரு பூச்சு. மாமா மூட்டையை ஏறுமாறாக அடுக்கியதால்தான் சுவர் விழுந்தது என்று முதலாளி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிப் படுக்கையில் மாமாவும் அதையே நம்பத் தொடங்கியிருந்தார். “நான்தான் சரியா அடுக்கலையோ என்னவோ” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அக்காவுக்கு ஆத்திரம் வந்தது அந்த இடத்தில்தான். காலை உடைத்தது போதாதென்று மனுஷனைக் குற்றவாளியாகவும் ஆக்கிவிட்டார்களே என்றாள்.

[போட்டோ எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்தேன். “இது எந்த ஊர்த் தூணுன்னு கேப்பாங்களே” என்றார் நாங்கள் போய்ப் பார்த்த வக்கீல். நீலப் பாய்க்கு அடியில் முதலாளி ஒரே நாளில் தூணை வழித்தெடுத்துவிடலாம், கம்பியைக்கூட நட்டுவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் பாய் மட்டும் அசையும்.]

5

நான் எழுதிய முடிவு:

அக்கா அந்தப் பாயை வேண்டுமென்றே தளர்வாகத் தைக்கிறாள். காற்று வீசுகிறது. தையல் ஒவ்வொன்றாகத் தெறிக்கிறது. இன்ஸ்பெக்டரின் கண்முன்னே பாய் பறந்து, தூண் வெட்டவெளிச்சமாக

இதற்கு மேல் எழுத அவள் விடவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டாள்.

“டேய், என் தையல் பிரியுதா?”

“கதைக்காகக்கா.”

“கதைக்குன்னா உன் எழுத்தைப் பிரிச்சு விடு. இத்தன வருஷத்துல நான் தைச்சது ஒண்ணு பிரிஞ்சிருக்கா? அவன் பொய்யனா இருந்தா நான் எதுக்குடா ஃபிராடு வேலை பண்ணணும்?”

“அப்ப என்னதான்க்கா பண்ணப் போற?”

“மழை உள்ள போகக் கூடாதுன்னு சொன்னான்ல? போகாது.”

6

மறுநாள் காலையில் அவள் கடைக்காரரிடம் கேட்டாள்.

“அண்ணே, அந்த ஆர்டர்ல நிறம் எதுவும் சொன்னாங்களா?”

“நிறம் என்னம்மா நிறம்? எப்பவும் நீலந்தான்.”

“சொன்னாங்களா, சொல்லலையா?”

அந்தத் தொழிலில் யாரும் நிறம் சொல்லமாட்டார்கள். அவர் அவளைப் பார்த்தார். அவருக்கு மாமாவைத் தெரியும். “எனக்கும் குடும்பம் இருக்கும்மா” என்றார். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பினார். வாசலில் நின்று, திரும்பாமலேயே சொன்னார்.

“கண்ணாடி ஷீட் மேல் தட்டுல இருக்கு. ஏணி ஆடும், பாத்து ஏறு.”

மழைக்காலத்தில் கடை வாசல்களில் தொங்கவிடுவார்களே, உள்ளே இருக்கிற சாமான் வெளியே தெரியும்படி, அந்தத் தடித்த பிளாஸ்டிக். அக்கா அதை அகலம் அகலமாக இணைத்தாள். மேல்துண்டு கீழ்த்துண்டின் மீது ஏறி நிற்கும்படி, தண்ணீர் வழிந்தோடும்படி. நாலு ஓரத்துக்கும் நீலப் பட்டை வைத்தாள். என் அக்கா இதைவிடச் சுத்தமாக எதையும் தைத்ததில்லை. கட்டப்போனபோது கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவன் நான்தான்.

7

கட்டி முடிக்கும்போது முதலாளி வந்தார்.

“என்னம்மா இது? எல்லாம் தெரியுது!”

“தெரியும் சார். ஆனா நனையாது. வேணும்னா ஒரு குடம் தண்ணி ஊத்திப் பாருங்க.”

“நான் கேட்டது தார்ப்பாய்.”

“நீங்க கேட்டது மழை போகக் கூடாதுன்னு. நானும் ஸ்பீக்கர்ல கேட்டுட்டுத்தானே இருந்தேன்.”

“யாரு நீ?”

“இதுக்கு அடியில கெடந்தாரே, அவரு வீட்டுக்காரி.”

அவர் என்னைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். அவிழ்க்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அவருடைய ஆட்கள் யாரும் முன்னால் வரவில்லை. அவர்களும் அதே மாதிரித் தூண்களுக்கு அடியில்தான் மூட்டை அடுக்குகிறார்கள். ஒருவன் கண்ணாடிக்குக் கிட்டே போய்க் குனிந்து தூணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவுத்தா மழை படும் சார்,” என்றாள் அக்கா. “இருந்தது இருந்தபடி இருக்கணும்னு உத்தரவு. நீங்களேதான் சொன்னீங்க.”

முதலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார். வேறு கடையிடம், நீலம் என்று அழுத்திச் சொல்லிப் பேசியது எங்களுக்கே கேட்டது.

8

இப்போது முடிவுகள். என்னிடம் இருப்பவை:

அ) நீலப் பாய் முதலில் வந்துசேர்கிறது. கண்ணாடிக்கு மேலேயே போர்த்துகிறார்கள். அக்கா குறுக்கே நிற்கிறாள். அதற்குப் பிறகு

ஆ) இன்ஸ்பெக்டர் முதலில் வருகிறார், இறங்குகிறார், பார்க்கிறார். மாமா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்கிறார். (கொஞ்சம் சினிமா. ஆனாலும் எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது.)

இ) இன்ஸ்பெக்டர் வருகிறார், கண்ணாடியை ஏற்றிவிட்ட காருக்குள்ளேயே

எதையும் முடிக்க முடியவில்லை. பாயைத் தூக்கிப் பார்க்கிற இன்ஸ்பெக்டரும் உண்டு, காரை விட்டே இறங்காத இன்ஸ்பெக்டரும் உண்டு. அக்கா இரண்டாவது ஆளுக்காகத்தான் தைத்தாள்.

அதுவரை எழுதி அனுப்பியதைப் படித்துவிட்டு ஆசிரியர் போன் செய்தார். “சொல் பத்தி அருமையா இருக்கு சார். அந்த கிடங்கு சமாச்சாரத்த மட்டும் கொஞ்சம் மறைச்சு, பூடகமா…” என்று இழுத்தார். முடியாது என்றேன். போட்டால் முழுசாகப் போடுங்கள், இல்லாவிட்டால் பத்தியே வேண்டாம் என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் யாரிடமும் பேசியதில்லை. பக்கத்தில் நின்ற அக்கா திரும்பிப் பார்த்தாள்.

இதைக் கிடங்குக்கு எதிர்வரிசையில், பூட்டிய ஒரு கடையின் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்கா வாசலைவிட்டு நகரவில்லை. ஒரு பக்கத்திலிருந்து நீலச் சுருளை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி திரும்புகிறது. இன்னொரு பக்கத்திலிருந்து வந்த கார் ரோட்டோரமாக நின்றுவிட்டது. பின்சீட்டில் யார் என்று இங்கிருந்து தெரியவில்லை.

அந்தச் சீட்டில் உங்களைத்தான் உட்கார வைக்கப்போகிறேன். தூணில் கம்பி இல்லை. இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், பார்க்கவில்லை என்று இனி நீங்கள் சொல்ல முடியாது.

இறங்குங்கள்.