எட்டாத மீன்

கல்யாண வீடுகளில் படம் எடுப்பது அவள் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் சுவர் ஓவியங்களைத் தேடிக் கேமராவும் கையுமாகக் கிளம்பிவிடுவாள். வெள்ளையடித்தோ போஸ்டர் ஒட்டியோ யாராவது மறைப்பதற்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்பது அவள் தவிப்பு. ஒரே சுவரைத் திரும்பத் திரும்ப எடுப்பாள்.

அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்த அக்காதான் முதலில் கவனித்தாள்.

"ஏய், அச்சகத்துச் சுவரைப் பாருடி. முதல்ல பூனை மீன் தொட்டிகிட்ட உக்காந்திருக்கு. அடுத்த படத்துல மீன் வாளியோட மேல தொங்குது. இதுல பூனை ஏணி வெச்சு ஏறுது!"

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். மீனின் கோடுகள் மெலிசு. பூனையோ பட்டையான கறுப்பு. "அக்கா, வரையுறது ஒருத்தர் இல்ல, ரெண்டு பேரு!"

அதற்குப் பிறகு இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு காலையில் போனபோது, எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அம்மாள் ஸ்டூல்மேல் நின்று மீனைப் பட்டத்தில் ஏற்றி வரைந்துகொண்டிருந்தார்.

"முகத்தை எடுக்காதீங்கம்மா," என்றார் பதறிப்போய்.

"எடுக்கலைங்க. பூனை யாரு?"

"யாருக்குத் தெரியும்! சும்மா விளையாட்டுக்கு மீனை எட்டாத இடத்துல வரைஞ்சேன். மறுவாரம் ஏணியோட வந்து நிக்குது!"

சுவரடியிலிருந்து கறுப்புப் பெயிண்ட் சொட்டுச் சொட்டாக பஸ் டிப்போ வரை போயிருந்தது. பின்தொடர்ந்தாள். முறுக்கு மீசை வைத்த டிரைவர் ஒருவரின் சட்டைக் கையில் அதே கறுப்பு.

அவள் கேட்டதும் மனிதர் வெட்கத்தில் நெளிந்தார். "மீன் வரையுறது யாருன்னு... வேணாம், சொல்லிடாதீங்க. தெரிஞ்சா சுவாரசியம் போயிடும்."

வீட்டில் அக்கா விடவில்லை. "ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சா என்னடி?"

"சும்மா இரு. கெடுத்துடாத."

பிறகு பல வாரங்கள் பூனை அசையவே இல்லை. கண்ணாடிக் கடை அம்மாள் அவளுடைய ஸ்டூடியோவுக்கே தேடி வந்துவிட்டார். "பூனைக்கு என்னம்மா ஆச்சு? மனசு ஒரு மாதிரியா இருக்கு."

அவள் டிப்போவில் போய் விசாரித்தாள். டிரைவர் வழுக்கி விழுந்து வலது கையில் மாவுக்கட்டு. அம்மாளிடம் வந்து அதை மட்டும் சொன்னாள். ஆள் யார் என்று சொல்லவில்லை. அம்மாளும் கேட்கவில்லை.

மறுநாளே சுவரில் மீன் பட்டத்தைவிட்டு இறங்கியிருந்தது. ஏணியடியில் ஒரு கிண்ணம் பாலை வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் படமெடுத்துப் போய் டிரைவரிடம் காட்டினாள். அவர் இடது கை விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அவள் போனபோது பூனை கீழே இறங்கி வந்திருந்தது. இடது கையால் வரைந்தது; கோடெல்லாம் கோணல்மாணல், ஒரு காது பெரிசு, ஒரு காது சிறிசு. பாலைக் குடித்துக்கொண்டிருந்தது.

கடை வாசலில் அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். "என்ன கண்றாவியா வரைஞ்சிருக்கு பாருங்க! நல்லா எடுங்கம்மா."